பிள்ளைகளின் பாஸ்போர்ட்: வாப்பா ஷார்ஜாவில், நான் கீழக்கரையில். எப்படி எடுப்பது?

வடக்குத்தெரு உம்மா · ஜனவரி 11

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். இரண்டு பிள்ளைகளின் பாஸ்போர்ட் பற்றிக் கேட்க வேண்டும்.

மூத்தவளுக்கு 2020 பிப்ரவரியில் எடுத்தோம். அடுத்த மாதமே கொரோனா வந்து ஊரடங்கு. அந்தப் புத்தகத்தில் ஒரு முத்திரைகூட விழவில்லை. எங்களுடையது போலப் பத்து வருடம் ஓடும் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் 2025 பிப்ரவரியோடு காலாவதி. சின்னவன் 2024 ஜனவரியில் பிறந்தவன். அவனுக்கு இன்னும் எடுக்கவே இல்லை.

இவர்கள் வாப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். பள்ளி லீவுக்கு மே மாதம் நாங்கள் மூன்று பேரும் அங்கே போக நினைக்கிறோம். பிரௌசிங் சென்டரில் கேட்டால், “வாப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும்” என்கிறார்கள். ஒரு கையெழுத்துக்காக ஒரு மனிதர் விமானம் ஏறி வர வேண்டுமா?

இன்னும் சில சிக்கல்கள். என் பாஸ்போர்ட் 2017 மார்ச்சில், கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதில் அவர் பெயர் இல்லை. முகவரி என் உம்மா வீடு. நம் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் நான் இருப்பது அதே வீடுதான். அவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது மாமி வீட்டு முகவரி. சின்னவனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. இதில் எது உண்மையான பிரச்சினை, எது சும்மா பயம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தொண்டி வாசி · ஜனவரி 11

புதுப்பித்தல் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். படிவத்தில் அப்படி ஒன்று கிடையாது, ‘ரீ-இஷ்யூ’ என்றுதான் இருக்கும். புதுப் புத்தகம், புது எண். பிள்ளைகளுக்கு 5 வருடம் அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் ஆயுள். ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. எங்கள் வீட்டில் உம்ராவுக்குப் பணம் கட்டிய பிறகுதான் பார்த்தோம், மகனுடையதில் நாலு மாதம் பாக்கி. ஆறு மாதம் இல்லாமல் விசா ஏது? காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே ரீ-இஷ்யூவுக்குப் போடலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உங்கள் மகளுக்கு ‘காலாவதியாகி மூன்று வருடத்துக்குள்’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய புத்தகத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம் நகலும் வேண்டும். ரத்து செய்து திருப்பித் தந்துவிடுவார்கள்.


பாம்பன் பாலத்தடி · ஜனவரி 11

எங்களுக்கு அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போவது ஒன்றுதான் வெளிநாட்டுப் பயணம். அதற்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். 1974 ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. தங்கச்சி ஷார்ஜாவையும் அதில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு போடலாம் 😄

நிஜமாகவே ஒரு கேள்வி இருக்கிறது. என் மகனுக்கு வயது 16. இப்போது எடுத்தால் 18 வரைதான் வருமா? இரண்டு வருடத்துக்காக ஆயிரம் ரூபாயா?


அரண்மனைப் பக்கம் · ஜனவரி 12

ராமநாதபுரத்தில் வருடக்கணக்காக இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாம்பன் அண்ணனுக்கு. 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் விரும்பினால் பெரியவர்களைப் போலப் பத்து வருடத்துக்கே எடுக்கலாம். கட்டணம் 1500. வேண்டாம் என்றால் 1000 கட்டி 18 வரைக்கும் எடுக்கலாம். 16 வயதுப் பையனுக்கு நான் பத்து வருடம்தான் போடச் சொல்வேன். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஈசிஆர், அதாவது ‘வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை’ என்ற முத்திரை கிடையாது. பதினெட்டு தாண்டி எடுக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது இல்லாமல் ஈசிஆர் விழுந்துவிட்டால், வளைகுடா வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி வேறு வாங்கி அலைய வேண்டும்.

இப்போது வடக்குத்தெரு லாத்தாவுக்கு. நீங்கள் எழுதியதில் உண்மையான பிரச்சினை இரண்டுதான். ஒன்று வாப்பாவின் சம்மதம். இன்னொன்று சின்னவனின் பெயர்.

சின்னவன் விஷயம்தான் அவசரம். 2025 பிப்ரவரியில் விதியை மாற்றினார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். முன்பு போல வேறு காகிதத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்காதீர்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமே இல்லை. அதன் பிறகும் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். கீழக்கரைப் பிள்ளைகளில் பாதிப் பேர் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அதை மறந்துவிட்டு கீழக்கரை நகராட்சியில் போய் ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் நிறைய.

பெயர் சேர்க்கும்போதே எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒரே வீட்டில் யூ போட்டு ஒரு முஹம்மது, ஓ போட்டு ஒரு முஹம்மது இருப்பார்கள். அவருடைய பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் தகப்பன் பெயர் வர வேண்டும். உங்கள் பெயரும் அப்படித்தான். அதில் பிழை இருந்தால் அதே பதிவாளரிடம் திருத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துவிடுங்கள்.

சம்மதத்துக்கு வருவோம். வாப்பா நேரில் வரத் தேவையில்லை. தாயும் தகப்பனும் கையெழுத்திடும் உறுதிமொழிக்கு ‘அனெக்சர் டி’ என்று பெயர். ஊரில் இருக்கும் நீங்கள் அதை வெள்ளைத்தாளில் அச்செடுத்துக் கையெழுத்திட்டால் போதும். 2016 டிசம்பரில் விதியை எளிமையாக்கியதிலிருந்து இதற்கு நோட்டரியும் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம். முந்நூறு, நானூறு என்று நோட்டரிக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர் மட்டும் அங்குள்ள இந்தியத் தூதரகம் சான்றளித்த வாக்குமூலம் ஒன்று அனுப்ப வேண்டும்.

முகவரி பற்றிய பயம் வேண்டாம். பிள்ளைக்கு முகவரி ஆதாரமாகத் தாய் அல்லது தகப்பனின் பாஸ்போர்ட்டே செல்லும். பிள்ளைகள் உங்களோடுதானே இருக்கிறார்கள்? உங்கள் உம்மா வீட்டு முகவரியையே இரண்டு விண்ணப்பத்திலும் போடுங்கள். பழைய கதவு எண், புது எண் இரண்டும் இருந்தால் உங்கள் பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.


தொண்டி வாசி · ஜனவரி 12

அவர் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரோ, இவர் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோ இல்லாவிட்டால் இழுத்தடிப்பார்கள். முதலில் தாயின் பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.


அரண்மனைப் பக்கம் · ஜனவரி 12

மாற்றினால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மே மாதம் பயணம் என்கிறார். தாயுடையது 1500 கட்டி, வந்து சேர்ந்து, அதற்கப்புறம் பிள்ளைகளுடையது என்றால் நாள் போய்விடும். தாய், தகப்பன் பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் இருந்தால் போலீஸ் விசாரணை இல்லாமலே பிள்ளைக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் வரும், அவ்வளவுதான். அதற்காக நின்றுவிடாது. நிக்காஹ் பதிவும் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழும் இருந்தால் கையில் வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம். லாத்தாவின் பாஸ்போர்ட் 2027 மார்ச்சில் முடிகிறது. எப்படியும் ஊர் திரும்பியதும் ரீ-இஷ்யூவுக்குப் போடத்தான் வேண்டும், அப்போது பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.


ஏர்வாடி காக்கா · ஜனவரி 13

நான் துபாயில் இருக்கிறேன். இரண்டு தடவை இந்த வாக்குமூலம் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஷார்ஜா என்றால் துபாய் துணைத் தூதரகத்தின் எல்லை. சான்றளிக்கும் வேலையை வெளி மையங்கள் வழியாகச் செய்கிறார்கள். முதலில் நேரம் பதிவு செய்ய வேண்டும்.

மாப்பிள்ளையிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். காகிதத்தில் அறையிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அங்கே அலுவலர் முன்னால் போட வேண்டும். நான் முதல் தடவை கெட்டிக்காரத்தனமாக முன்கூட்டியே போட்டுக்கொண்டு போய், வெயிலில் டைப்பிங் சென்டர் தேடி அலைந்து இன்னொரு பிரதி எடுத்தேன். அன்றைக்கு அரைநாள் சம்பளமும் போச்சு.

அப்புறம், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூலப் பிரதி ஊர் வந்து சேர வேண்டும். கூரியரும் உண்டு, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. நம்மாட்களுக்கு இரண்டாவதுதான் வேகம். அவருடைய பாஸ்போர்ட் நகலிலும் கையெழுத்து வாங்கிச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பையனின் பெயரை ஒரே சொல்லாக எழுதி ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று சொன்னது. பிறகு இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இருந்தாலும் ஏர்போர்ட்டில் நின்று அந்தக் கதையை நாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? பிள்ளை பெயரை முதல் கட்டத்திலும், வாப்பா பெயரை விரித்து இரண்டாம் கட்டத்திலும் போடுங்கள். இனிஷியல் எடுபடாது.


வடக்குத்தெரு உம்மா · ஜனவரி 13

அல்ஹம்துலில்லாஹ், மூச்சு வந்தது. காக்கா, அவரிடம் அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். உண்மையில் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

மூத்தவளுடைய பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், சர்நேம் காலி. ஆறு வருடத்துக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தவர் அப்படி நிரப்பியிருக்கிறார். இப்போது சேர்க்கலாமா?


அரண்மனைப் பக்கம் · ஜனவரி 14

சேர்க்கலாம். ரீ-இஷ்யூ காரணத்தில் காலாவதியோடு, ‘விவரங்களில் மாற்றம்’ என்பதையும் தேர்ந்தெடுத்துப் பெயர்ப் பிரிப்பைக் குறிப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில் எடுத்த படத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. தோற்ற மாற்றத்தையும் சேர்த்துவிடுங்கள்.


மண்டபம் டீச்சர் · ஜனவரி 14

போட்டோ பற்றி யாரும் சொல்லவில்லையே. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நாமே படம் கொண்டு போக வேண்டும். 4.5க்கு 3.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. பெரிய பிள்ளைகளை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். என் பேத்திக்கு எடுக்கப் போன கதை தனி. ஸ்டுடியோவில் பளிச்சென்று விளக்கைப் பார்த்ததும் கண்ணை மூடிவிடுவாள். மூன்று ஸ்டுடியோ ஏறி இறங்கினோம். கடைசியில் தாத்தாவின் வெள்ளை வேட்டியைக் கட்டிலில் விரித்து, அவளைப் படுக்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் என் மருமகன் செல்போனில் எடுத்தார். அதை ஸ்டுடியோவில் கொடுத்து அளவாக வெட்டி வாங்கினோம். வேட்டிக் கரை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு முதல் படம் அதனால்தான் வீணானது.


பெயர் வேண்டாம் · ஜனவரி 15

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். எல்லோரும் வாப்பாவின் கையெழுத்து என்கிறீர்கள். ஏழு வருடமாகப் பேச்சே இல்லாத மனிதரிடம் நான் எப்படி வாங்குவது? விவாகரத்தும் ஆகவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. என் அண்ணன் குடும்பம் மலேசியாவில் இருக்கிறது, ஒரு தடவை போய் வர ஆசை.


அரண்மனைப் பக்கம் · ஜனவரி 15

சகோதரி, அதற்கென்றே ‘அனெக்சர் சி’ இருக்கிறது. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் மட்டும் விண்ணப்பிக்கும்போது, மற்றவரின் சம்மதம் ஏன் இல்லை என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழி அது. அதுவும் வெள்ளைத்தாளில்தான். உண்மையை மட்டும் எழுதுங்கள். நீதிமன்றத்தில் வழக்கு ஏதாவது நடந்தால் அதை மறைக்க வேண்டாம். தகப்பன் பெயரைப் படிவத்தில் எழுதலாம், அதனால் அவர் சம்மதம் தேவை என்று ஆகிவிடாது. போலீஸ் விசாரணை வரலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. என்னிடம் வந்த இரண்டு பேர் இந்த வழியில்தான் எடுத்தார்கள்.


பெயர் வேண்டாம் · ஜனவரி 15

இப்படி ஒரு வழி இருப்பதை இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட என்னிடம் சொல்லவில்லை. நன்றி அண்ணே.


மஸ்கட் விருந்தாளி · ஜனவரி 17

வெளிநாட்டில் பிள்ளை பிறந்தவர்களுக்கு ஒரு வரி. பிறந்து ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள், குடியுரிமையே அதில்தான் நிற்கிறது. அந்தப் பதிவுச் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஊரில் ரீ-இஷ்யூ செய்யும்போது கேட்டார்கள்.


வடக்குத்தெரு உம்மா · ஜனவரி 29

சின்னவன் பெயர் ஏறிவிட்டது. இரண்டு நடை போனேன், முதல் நடையில் சாப்பாட்டு நேரம். அவன் பெயரில் வந்த முதல் காகிதம் என்பதால் என் வாப்பா லேமினேட் செய்யக் கிளம்பிவிட்டார், பிடுங்கி வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை நானே செல்போனில் நிரப்பினேன். தேடினால் முதலில் வந்து நிற்பதெல்லாம் போலித் தளங்கள். ஒன்றில் பெயரெல்லாம் கொடுத்துப் பணம் கட்டும் இடம்வரை போய்விட்டேன். 2999 என்று காட்டியதும்தான் சந்தேகம் வந்தது. உண்மையான தளத்தின் பெயர் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். சின்னவனுக்கு 900, மூத்தவளுக்கு 1000 வந்தது. ஏன் இந்த நூறு வித்தியாசம்?


அரண்மனைப் பக்கம் · ஜனவரி 29

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. புதிதாக எடுப்பவர்களுக்கு மட்டும். ரீ-இஷ்யூவுக்கு இல்லை.


வடக்குத்தெரு உம்மா · பிப்ரவரி 12

போய் வந்தேன். பாதி வெற்றி.

மூத்தவளுடையது ஏற்றுக்கொள்ளப்பட்டது. சின்னவனுடையது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம் நம் யாருக்குமே தோன்றாத ஒன்று. இவர் அங்கே ஒரே வாக்குமூலத்தில் இரண்டு பிள்ளைகள் பெயரையும் எழுதிச் சான்று வாங்கிவிட்டார். ஒரு காகிதத்தில் வேலை முடிகிறதே என்று. கவுன்டரில், “ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஃபைல், தனி மூலப் பிரதி வேண்டும்” என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஒரு காகிதத்தை இரண்டு ஃபைலில் எப்படி வைப்பார்கள்? ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையோடு மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு அந்த நியாயம் காதில் ஏறவில்லை. அவன் வரிசையில் எல்லோருடைய ஃபைலையும் இழுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தோடு திரும்ப வாருங்கள், மறுபடி பணம் கட்ட வேண்டாம் என்றார்கள். அது ஒன்றுதான் ஆறுதல்.


ஏர்வாடி காக்கா · பிப்ரவரி 12

அடடா. எனக்கு ஒரே பிள்ளை, அதனால் எனக்கே தெரியாமல் போச்சு. மன்னிக்கணும். இந்த வாரமே எடுத்துவிட்டால், இருபதாம் தேதி எங்கள் அறையிலிருந்து ஒருவர் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.


தொண்டி வாசி · பிப்ரவரி 13

தத்காலில் போட்டிருந்தால்?


அரண்மனைப் பக்கம் · பிப்ரவரி 13

2000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும், காகிதம் அப்போதும் ஷார்ஜாவில்தான் இருந்திருக்கும்.


வடக்குத்தெரு உம்மா · மார்ச் 9

காகிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. நிடோ டின்னுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே, மடங்காமல் ஒரு நாட்காட்டி அட்டைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். ஏர்வாடி காக்காவுக்கும் அந்த அறைக்காரருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மறுபடி போனேன், இந்தத் தடவை பத்து நிமிடம்தான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. என் பாஸ்போர்ட்டில் இவர் பெயர் இல்லாததைத்தான் கேட்டார்கள். நிக்காஹ் பதிவையும் பதிவுச் சான்றிதழையும் காட்டினேன், எழுதிக்கொண்டார்கள். தொண்டி அண்ணன் சொன்னதில் அவ்வளவு உண்மை இருந்தது.

மூத்தவளுடையது போன வாரமும், சின்னவனுடையது இன்று காலையும் தபாலில் வந்தன. தபால்காரர் சின்னவன் பெயரைச் சத்தமாக வாசித்து, “யாரும்மா இது, துரையை வரச் சொல்லுங்க” என்றார். இவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மண்டபம் டீச்சருக்கு: படம் அப்படியே வேட்டி முறையில் எடுத்ததுதான். கரை விழவில்லை.


மண்டபம் டீச்சர் · மார்ச் 9

என் பேத்தி படத்தில் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். 2029 வரைக்கும் அப்படியேதான்.


பாம்பன் பாலத்தடி · மார்ச் 10

தங்கச்சி, சந்தோஷம். என் மகனுக்குப் பத்து வருடத்துக்கே போட்டுவிட்டேன். 18ஆம் தேதி போகிறோம். நானும் வீட்டுக்காரியும் இரண்டு பேருமே போகணுமா, ஒருத்தர் போதுமா? எனக்கு அன்றைக்குக் கடலுக்குப் போகிற முறை.


அரண்மனைப் பக்கம் · மார்ச் 10

ஒருவர் போதும் அண்ணே. இரண்டு பேரும் அனெக்சர் டியில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் அடையாள அட்டை நகலும் ஒன்று, கையெழுத்தோடு. நீங்கள் கடலுக்குப் போகலாம்.